சுங்கை பூலோ: காலை ஏழு மணிக்குப் போனால் வெறும் சேறுதானா?

செப்டம்பர் 8, 2024, ஞாயிறு · தெம்பனிஸ்வாசி

பறவைகளின் வலசைக் காலம் தொடங்கிவிட்டது என்கிறார்கள். நேற்று ஏழு மணிக்குச் சிங்கப்பூரின் வடமேற்கே இருக்கும் சுங்கை பூலோ ஈரநிலக் காப்பகத்தின் கதவு திறந்ததும் உள்ளே போய் ஒன்பதரை வரை பார்த்ததில் நாலைந்து கொக்கு, ஓர் உடும்பு, பாலத்துக்குக் கீழே ஒரு முதலை. குளமெல்லாம் காலி. விடிகாலைதான் பறவைக்கு நேரம் என்று எல்லாரும் சொல்வதுதானே? பறவைகள் குறைந்துவிட்டன என்பது என் கட்சி. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும்.

செப்டம்பர் 8 · நண்டுவளை

விடிகாலை காட்டுப் பறவைக்குச் சரி. சேற்றில் இரை தேடும் உள்ளான், உப்புக்கொத்தி மாதிரியான கரைப்பறவை சூரியனைப் பார்த்து நடப்பதில்லை, கடல் தண்ணீரைப் பார்த்து நடக்கும்.

வற்றத்தில் மண்டாய்ச் சேற்றுவெளியும் ஜொகூர் நீரிணையின் ஓரங்களும் வெளியே தெரியும். புழு, நண்டு, சிப்பி எல்லாம் அங்கே இருக்கும்போது அவை ஏன் குளத்துக்கு வரவேண்டும்? ஏற்றத்தில் அந்தச் சேறு முழுகும்போதுதான் ஒதுங்க இடம் தேடிக் குளங்களுக்குள் வரும். வந்தால் ஒரே இடத்தில் கூட்டமாக, பெரும்பாலும் ஒற்றைக்காலில், அலகை முதுகில் செருகிக்கொண்டு நிற்கும். அதுதான் நாம் பார்க்கவேண்டிய நேரம்.

நேற்று என்ன நாள்? விநாயகர் சதுர்த்தி. அமாவாசை கழிந்து நாலாம் நாள். அன்றைக்கு ஏற்றம் பிற்பகல் இரண்டு, மூன்று மணி வாக்கில். நீங்கள் போன நேரம் சரியான வற்றம். முதலை தெரிந்ததும் அதனால்தான், சேற்றில் ஏறிப் படுத்திருக்கும்.

செப்டம்பர் 8 · கொசுக்கடி

பிள்ளையாரைப் பார்க்கவேண்டிய நாளில் உள்ளானைப் பார்க்கப் போனால் இப்படித்தான்.

செப்டம்பர் 9 · நண்டுவளை

சிரிக்கவேண்டாம், திதியே நல்ல கணக்கு. சிங்கப்பூரில் ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றம் நண்பகலுக்குச் சற்று முன்பின்னாகவும் நள்ளிரவிலும் வரும், உயரமும் அதிகம், மூன்று மீட்டரைத் தொடும். அஷ்டமி வாக்கில் ஏற்றம் விடிகாலையும் மாலையும், அதுவும் சோம்பலான ஏற்றம்.

நமக்கு வேண்டியது காலை ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள் உச்சம். அது ஏகாதசியில் தொடங்கி அமாவாசை அல்லது பௌர்ணமி வரை. வீட்டில் கிழிக்கும் தமிழ் நாள்காட்டி இருந்தால் பிரதோஷம் எழுதியிருக்கும் நாளைப் பாருங்கள். அன்று உச்சம் பத்து மணி வாக்கில் அமையும். காலையில் பறவை, சாயங்காலம் கோயில்.

வருகிற 15ஆம் தேதி ஞாயிறு, பிரதோஷம். எட்டு மணிக்கு அங்கே இருங்கள்.

செப்டம்பர் 9 · கிராஞ்சிக்காரர்

கணக்கு அழகாக இருக்கிறது, ஆனால் திதியை மட்டும் நம்பிக் கிளம்பாதீர்கள். மூன்று காரணம். ஏற்றம் நாளுக்கு ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும் என்பது சராசரிதான். அமாவாசை, பௌர்ணமிப் பக்கம் நாற்பது நிமிடத்துக்குள் நகரும், அஷ்டமிப் பக்கம் ஒரு மணிக்கு மேலும் தாவும். இரண்டாவது, மிக உயரமான ஏற்றம் பௌர்ணமியன்றே வருவதில்லை, ஒன்றிரண்டு நாள் கழித்து வரும். மூன்றாவது, ஒரே நாளின் இரண்டு ஏற்றமும் சம உயரம் கிடையாது.

திதியை வைத்து வாரத்தைத் தேர்ந்தெடுங்கள், நேரத்தைக் கடல் ஏற்றவற்ற அட்டவணையில் பாருங்கள். அட்டவணை எந்த நிலையத்துக்கானது என்பதையும் கவனியுங்கள். தஞ்சோங் பாகார் நேரத்தை அப்படியே கிராஞ்சிக்குப் போடக்கூடாது. அங்கே நீரிணை ஜொகூருக்குப் போகும் தரைப்பாலத்தில் முட்டி நிற்கிறது, கடல் திறந்திருக்கும் தெற்குக் கரை மாதிரி இல்லை. அரைமணி கூடக்குறைய இருக்கும் என்று வைத்துக்கொண்டு, உச்சத்துக்கு இரண்டு மணி முன்பே இடத்தில் நில்லுங்கள். பறவைகள் குழுக்குழுவாக வந்து இறங்குவதைப் பார்ப்பதுதான் பாதி லாபம்: பறக்கும்போது தெரியும் அடையாளம் நின்றபிறகு தெரியாது.

உயரத்துக்கு என் வரம்பு 2.5 மீட்டர். அதற்குக் கீழே என்றால் வெளியே எங்காவது ஒரு திட்டு மிச்சம் இருக்கும், பாதிக் கூட்டம் அங்கேயே நின்றுவிடும்.

செப்டம்பர் 9 · தெம்பனிஸ்வாசி

சரி. ஆனால் போன வருடம் நல்ல ஏற்றத்திலும் முதல் குளம் காலியாக இருந்ததே?

செப்டம்பர் 10 · நண்டுவளை

மதகு.

செப்டம்பர் 10 · உட்லண்ட்ஸ் அக்கா

ஒரு சொல்லில் பதில் எழுதிவிட்டுப் போனால் தம்பிக்கு என்ன புரியும்? நான் சொல்கிறேன்.

அந்தக் குளங்கள் எல்லாம் பழைய இறால் பண்ணை. ஏற்றத்தில் மதகைத் திறந்தால் தண்ணீரோடு இறால் குஞ்சும் உள்ளே வரும். அடைத்து வளர்த்து, வற்றத்தில் திறந்து மதகுவாயில் வலை கட்டிப் பிடிப்பார்கள். இப்போது அதே மதகை வைத்துத் தேசியப் பூங்காக் கழகம் தண்ணீர் மட்டத்தைப் பறவைக்காகச் சரிசெய்கிறது. எல்லாக் குளத்திலும் ஒரே மட்டம் இருக்காது. ஒன்றில் நிறைத்திருப்பார்கள், ஒன்றில் சேறு தெரியும்படி இறக்கியிருப்பார்கள்.

ரெட்ஷாங்க், அதாவது பவளக்கால் உள்ளானின் காலைப் பாருங்கள். தண்ணீரில் நின்றபடி ஓய்வெடுக்க அதற்கு அஞ்சாறு சென்டிமீட்டர் ஆழம்தான் முடியும். பொன்னிற உப்புக்கொத்திக்கு அதுகூட வேண்டாம், ஈரச்சேறோ மேடோ போதும். விம்பிரல் என்கிற சின்னக் கோட்டான் (ஆந்தை இல்லை, இதுவும் கரைப்பறவைதான்) தண்ணீர் ஏறினால் கண்டல் கிளையிலேயே உட்கார்ந்துவிடும், குளத்தில் தேடிப் பயன் இல்லை, மரத்தைத் துழாவவேண்டும். அதனால் முதல் குளம் நிறைந்திருந்தால் அங்கே நின்று ஏங்காமல் அடுத்ததற்கு நடங்கள். வலசைப் பறவைப் பாதை முழுச் சுற்றும் இரண்டு கிலோமீட்டருக்குள்தான்.

செப்டம்பர் 10 · தகைவிலான்

வழி: கிராஞ்சி எம்ஆர்டியில் 925 பேருந்து. கிராஞ்சி வே பக்கம் இறங்கினால் கரையோரப் பாதை 1.3 கிலோமீட்டர் நடந்துதான் பெரிய பாலத்துக்கு வரமுடியும். கார் இருந்தால் நியோ தியூ கிரசென்ட் வாசல், பாலம் பக்கத்திலேயே. நேரம் காலை 7 முதல் மாலை 7 வரை, கட்டணம் இல்லை. கடை கண்ணியை நம்பாமல் தண்ணீர் ஆளுக்கு ஒன்றரை லிட்டர் எடுத்துப் போங்கள்.

செப்டம்பர் 15, ஞாயிறு · தெம்பனிஸ்வாசி

ஒப்புக்கொள்கிறேன், கூட்டம் இருந்தது. இப்போது அடுத்த தலைவலி. எல்லாம் ஒரே பழுப்பு. ரெட்ஷாங்க் தெரிகிறது, கால் சிவப்பு. மற்றதெல்லாம்?

செப்டம்பர் 15 · கிராஞ்சிக்காரர்

நிறத்தை மறந்துவிட்டு அளவு, அலகு, நடை என்ற வரிசையில் பாருங்கள். ரெட்ஷாங்க்கை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள், 28 செ.மீ. அதைவிடப் பெரிதா சிறிதா என்பதே முதல் கேள்வி.

பெரிது, சாம்பல்வெள்ளை, அலகு அடியில் தடித்து நுனி லேசாக மேலே வளைந்தால் பச்சைக்கால் உள்ளான். அதையே சுருக்கிச் செய்ததுபோல, ஊசி மாதிரி நேரான மெல்லிய அலகோடு இருந்தால் சதுப்பு உள்ளான், 23 செ.மீ. தனியாக நின்றால் இரண்டையும் குழப்பிக்கொள்வோம், பக்கத்தில் ஒரு ரெட்ஷாங்க் நின்றால் சந்தேகமே வராது. பெரியது ரெட்ஷாங்க்கைவிட உயரம், சின்னது உடலில் அதைவிடச் சிறிது.

கீழ்நோக்கி நீண்டு வளைந்த அலகு, தலையில் இரண்டு கருங்கோடு, 43 செ.மீ. என்றால் விம்பிரல். அலகு கீழே வளைந்து உடல் ரெட்ஷாங்க்கைவிடச் சிறிது என்றால் வளைமூக்கு உள்ளான். பறக்கும்போது அதன் இடுப்பு வெள்ளை. மேல்நோக்கி வளைந்த அலகு, குட்டையான மஞ்சள் கால், வற்றத்தில் குடிகாரன் மாதிரி அங்குமிங்கும் ஓடினால் டெரெக் உள்ளான். பின்பக்கத்தை ஓயாமல் ஆட்டிக்கொண்டு மதகுக் கல்லில் தனியாக நடப்பது சாதாரண உள்ளான், அதைக் கூட்டத்தில் தேடவேண்டாம்.

பறக்கும்போது: இறக்கையின் பின்விளிம்பில் அகலமான வெள்ளைப் பட்டை ரெட்ஷாங்க்கின் அடையாளம். பச்சைக்காலுக்கு முதுகில் வெள்ளை ஆப்பு, இறக்கையில் ஒன்றும் இல்லை.

செப்டம்பர் 15 · தகைவிலான்

உப்புக்கொத்தியை விட்டுவிட்டீர்கள். பொன்னிறத்தையும் சாம்பல் உப்புக்கொத்தியையும் நிற்கும்போது பிரிக்கத் திணறினால் பறக்கும்வரை காத்திருக்கவும். சாம்பலுக்கு அக்குள் கறுப்பு, இடுப்பு வெள்ளை. பொன்னிறத்துக்கு இரண்டும் கிடையாது.

மணல் உப்புக்கொத்திகளில் பெரியது, சிறியது என்ற பஞ்சாயத்துக்கு அலகை அளக்கவேண்டும். அலகின் நீளத்தை மனசில் எடுத்து அலகடியிலிருந்து பின்னோக்கித் தலையில் வைத்துப் பாருங்கள். கண்ணின் பின்விளிம்பைத் தாண்டினால் பெரியது, தாண்டாவிட்டால் சிறியது. பெரியதன் கால் வெளிறிய மஞ்சள்பச்சை, சிறியதன் கால் கருஞ்சாம்பல். ஆனால் சேறு அப்பிய காலை வைத்துத் தீர்ப்புச் சொல்லவேண்டாம். இந்தச் 'சிறியது' என்பதையே இப்போது சைபீரியா, திபெத் என்று இரண்டு இனமாகப் பிரித்துவிட்டார்கள். குளிர்கால இறகில் அவற்றைப் பிரிப்பதாகச் சொல்பவர்களிடம் படத்தைக் கேளுங்கள்.

செப்டம்பர் 16 · உட்லண்ட்ஸ் அக்கா

நிறத்தை மறக்கச் சொன்னது ஆரம்பத்துக்குச் சரி. பழகியபிறகு இந்த இரண்டு மாதத்தில் நிறம்தான் வயதைச் சொல்லும். ஜூலைக் கடைசி, ஆகஸ்டில் முதலில் வருவது வளர்ந்த பறவைகள், இனப்பெருக்க இறகு கிழிந்து நைந்து இருக்கும். பொன்னிற உப்புக்கொத்தியின் வயிற்றில் கறுப்புத் திட்டு, வளைமூக்கு உள்ளானின் மார்பில் செங்கல் நிறத் திட்டு. செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர்வரை இளசுகள். அவற்றின் முதுகு இறகு ஒவ்வொன்றுக்கும் வெளிர் கரை போட்டிருக்கும், மீன்செதில் அடுக்கினதுபோல. வளர்ந்தவை வந்ததும் இறக்கை இறகை உதிர்க்கத் தொடங்கும், பறக்கும்போது இறக்கை நடுவில் ஓட்டை தெரிந்தால் அது இளசு இல்லை. நவம்பரில் எல்லாம் ஒரே சாம்பல் ஆகிவிடும், இந்த வித்தை பலிக்காது.

செப்டம்பர் 16 · கொசுக்கடி

என் பெயருக்கேற்ற ஒரு பொறுப்பான பதிவு. டீட் கலந்த கொசு மருந்து பைனாகுலரின் ரப்பரையும் பிளாஸ்டிக்கையும் அரித்துப் பிசுபிசு என்று ஆக்கும். உள்ளங்கையில் ஊற்றித் தேய்த்துவிட்டு அதே கையால் குமிழைத் திருகாதீர்கள். பிக்காரிடின் கலந்தது வாங்குங்கள், அது பிளாஸ்டிக்கை ஒன்றும் செய்யாது. டெங்கி நாடு, மருந்து போடாமல் வீரம் காட்டவேண்டாம்.

செப்டம்பர் 22 · தெம்பனிஸ்வாசி

பைனாகுலர் போதுமா, முக்காலியில் வைக்கும் தொலைநோக்கி, அந்த ஸ்கோப் வேண்டுமா?

செப்டம்பர் 22 · கிராஞ்சிக்காரர்

8×42 (8 மடங்கு, 42 மி.மீ. வாய்) பைனாகுலரில் தொடங்குங்கள். 10×42 பெரிதாகக் காட்டும், கை நடுக்கத்தையும் சேர்த்து. குளத்தின் அக்கரை உப்புக்கொத்திக்கு ஸ்கோப் இல்லாமல் முடியாது, 80 மி.மீ. வாய், 20 முதல் 60 மடங்கு. ஆனால் காலை பத்துக்கு மேல் சேற்றிலிருந்து கானல் எழும். அப்போது 60 மடங்குக்குத் திருப்பினால் கானல்தான் பெரிதாகும். 25, 30இல் நிறுத்துங்கள். பறவை பார்க்கக் கட்டிய மறைவிடத்தின் சன்னலில் நெஞ்சுயர முக்காலி போட்டால் அடுத்தவர் பார்க்கமுடியாது, குட்டை முக்காலி கொண்டுவாருங்கள்.

ஏசி அறையிலிருந்தோ எம்ஆர்டியிலிருந்தோ இறங்கியவுடன் கண்ணாடி பனிமூட்டம் போடும். துடைக்காதீர்கள், மறுபடி போடும், கறையும் விழும். பையிலேயே இருபது நிமிடம் வெளிக்காற்றில் இருக்கட்டும்.

செப்டம்பர் 23 · உட்லண்ட்ஸ் அக்கா

வீட்டுக்கு வந்தபிறகுதான் கண்ணாடிக்கு ஆபத்து. நம் ஊர் ஈரத்தில் அலமாரிக்குள் வைத்தால் லென்ஸ் உள்ளே பூஞ்சை வலைபோல் படரும். ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காட்டில் வைக்கும் உலர்பெட்டி நல்லது. வாங்க மனசில்லாவிட்டால் இறுக்கமாக மூடும் டப்பா, சிலிக்கா ஜெல், பத்து வெள்ளி ஈரமானி ஒன்று. 30க்குக் கீழே போகவிடாதீர்கள், ரப்பரும் உள்ளிருக்கும் எண்ணெய்ப்பசையும் காய்ந்துபோகும். அரிசிக்குள் புதைக்கும் வைத்தியம் வேண்டாம், மாவுத்தூசி உள்ளே போகும். நனைந்த கழுத்துப்பட்டையை உலர்த்தாமல் டப்பாவில் போட்டால் ஜெல் இரண்டே நாளில் செத்துப்போகும்.

செப்டம்பர் 23 · நண்டுவளை

பறவைக்கு வருவோம். கூட்டத்தில் எல்லாத் தலையும் ஒரே சமயம் நிமிர்ந்து ஒரே பக்கம் பார்த்தால் காரணம் மேலே கடற்கழுகோ பைரியோ, இல்லை கரையில் நீங்கள். மேலே ஒன்றும் இல்லை என்றால் இரண்டு எட்டு பின்னால் போங்கள். ஒருமுறை கிளப்பிவிட்டால் அது வெறும் பறத்தல் இல்லை, பயணத்துக்குச் சேர்த்துவைத்த கொழுப்பு கரைகிறது. சில பறவைகளுக்கு இது கடைசி நிறுத்தமும் இல்லை, இங்கே இளைப்பாறி ஆஸ்திரேலியா போகவேண்டியவை.

செப்டம்பர் 24 · தகைவிலான்

எங்கிருந்து வருகின்றன என்பதும் நாம் நினைத்த மாதிரி இல்லை. சீனக் கடற்கரை ஓரமாகவே ஏறி இறங்கும் என்றுதான் கணக்கு. சுங்கை பூலோவில் ரெட்ஷாங்க், விம்பிரல்களுக்குத் தடங்காட்டிக் கருவி மாட்டி அனுப்பியதில் சில நேராக இமயமலைக்கு மேலே பறந்துபோயின. ரெட்ஷாங்க் கிங்ஹாய்–திபெத் பீடபூமிக்கு, விம்பிரல் ரஷ்யாவின் வடநடுப் பகுதிக்கு. ஆய்வுக் கட்டுரை 2020இல் வந்தது. பீடபூமியின் மேற்கே கூடுகட்டும் ரெட்ஷாங்க்தான் மலையைக் கடக்கிறது, கிழக்கே கட்டுவது மலையைச் சுற்றி வருகிறது. ஒரே குளத்தில் பக்கத்தில் பக்கத்தில் நிற்பவை.

காலில் ஆய்வாளர்கள் மாட்டிய வண்ணக் கொடி தெரிந்தால் எழுதவேண்டியது: எந்தக் கால், மூட்டுக்கு மேலா கீழா, மேலிருந்து கீழாக நிற வரிசை, எழுத்து எண் இருந்தால் அதுவும், தேதி, நேரம், குளம். பறவையின் வலம் இடம், உங்கள் வலம் இடம் அல்ல. சேறு படிந்த வெள்ளை மஞ்சளாகத் தெரியும், நிழலில் பச்சை நீலமாகத் தெரியும், அது வெயிலுக்கு நகரும்வரை காத்திருக்கவும். முழுசாகத் தெரியாவிட்டால் தெரிந்த பாதியை மட்டும் எழுதி அனுப்புங்கள், மீதியைக் கற்பனை செய்யவேண்டாம்.

அக்டோபர் 11, வெள்ளி · தெம்பனிஸ்வாசி

இந்த வாரம் அஷ்டமி, நவமி. பள்ளிக்குப் போகும் மகனுக்கு நாளை ஒருநாள்தான் ஓய்வு. வீட்டிலேயே இருக்கவா?

அக்டோபர் 11 · நண்டுவளை

கிராஞ்சிச் சதுப்புக்குப் போங்கள். நன்னீர், அதற்கு ஏற்ற இறக்கம் கிடையாது, விடிகாலையே நல்ல நேரம், நீங்கள் முதல் பதிவில் சொன்ன நேரக் கணக்கு அங்கே ஜெயிக்கும். உள்பகுதி வழிகாட்டி நடைக்கு மட்டும் திறக்கும், வெளிப்பகுதியும் கோபுரமும் எல்லாருக்கும் உண்டு. தாழைக்கோழி, நாணலுக்குள் கதிர்க்குருவி, மேலே தகைவிலான், நீலவால் பஞ்சுருட்டான். நீலத்தொண்டைப் பஞ்சுருட்டான் இந்நேரம் கிளம்பியிருக்கும், நீலவால் அதன் இடத்துக்கு வந்திருக்கும். கம்பியில் பழுப்புக் கீச்சானைப் பையனுக்குக் காட்டுங்கள், ஓரிடத்தைப் பிடித்தால் நகராது, சின்னப் பிள்ளைக்கு ஏற்ற பறவை.

அக்டோபர் 11 · உட்லண்ட்ஸ் அக்கா

பையனோடு சுங்கை பூலோ போகும் நாளில் ஒன்று. முதலை பொம்மை இல்லை. வரப்பு ஓரம் குந்தி உட்கார்ந்து படம் எடுக்கவிடாதீர்கள், தண்ணீரில் கால் நனைக்கவிடாதீர்கள். பாதையிலேயே எதிர்ப்பட்டால் ஓடாமல் மெதுவாகப் பின்னால் நகருங்கள். உணவு எதையும் எறியாதீர்கள், காட்டுவிலங்குக்குத் தீனி போடுவது சட்டப்படி குற்றம்.

அக்டோபர் 20 · கிராஞ்சிக்காரர்

இந்த மாதங்களில் இடி பிற்பகலில்தான் அதிகம், அதனாலும் காலை ஏற்றம் நல்லது. விடியலில் மேற்கே கறுத்தால் அது சுமத்ரா காற்று, ஓரிரு மணியில் அடித்துவிட்டுப் போய்விடும், திட்டத்தைக் கைவிடவேண்டாம். மின்னல் தெரிந்தால் சுங்கை பூலோவின் பதினெட்டு மீட்டர்க் கோபுரத்திலும் பாலத்திலும் நிற்காதீர்கள். புகைமூட்ட நாளில் ஸ்கோப் வீண், அருகில் நிற்பதை மட்டும் பாருங்கள்.

அக்டோபர் 27 · கொசுக்கடி

ஒரு கணக்கு. தீபாவளி எப்போதும் அமாவாசையை ஒட்டித்தான் வரும். அப்படியானால் வருடாவருடம் தீபாவளியன்று காலை பத்து, பதினொன்றுக்கு அருமையான ஏற்றம், பொது விடுமுறை வேறு. ஒரு தமிழனும் அன்று வீட்டைவிட்டு வெளியே வரமாட்டான். எண்ணெய் தேய்த்துக்கொண்டு ஆட்டுக்கறிக்குக் காத்திருப்பான். இது பறவைகள் செய்த ஏற்பாடு.

அக்டோபர் 27 · உட்லண்ட்ஸ் அக்கா

தீபாவளிக்கு மறுநாள் வெள்ளிக்கிழமை ஏற்றம் இன்னும் கொஞ்சம் உயரம். பலகாரத்தோடு வரலாம். ஆனால் மறைவிடத்தில் முறுக்குக் கடிக்கக்கூடாது.

நவம்பர் 3 · தெம்பனிஸ்வாசி

எண்ணுவது எப்படி? முந்நூறா ஐந்நூறா என்றே பிடிபடவில்லை.

நவம்பர் 3 · தகைவிலான்

இறங்கி அடங்கும்வரை எண்ணாதீர்கள். அடங்கியபிறகு கூட்டத்தின் ஓரத்தில் பத்துப் பறவையை நிஜமாக எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணில் பிடியுங்கள். அந்த அளவை இடமிருந்து வலமாக அடுக்கிக்கொண்டே போங்கள். நெருக்கமாக நிற்கும் நடுப்பகுதிக்குத் தனியாக ஒருமுறை அளவெடுக்கவேண்டும், இல்லாவிட்டால் குறைவாக வரும். புதிதாக எண்ணுபவர்கள் குறைத்துத்தான் எண்ணுவார்கள், காரணம் பின்வரிசை மறைந்திருக்கும். கூட்டம் ஒருமுறை நகர்ந்து அமர்ந்ததும் மறுபடி எண்ணுங்கள்.

மொத்தம் முதலில், இனம் பிறகு. ஸ்கோப்பைக் கூட்டத்தின் மூன்று வெவ்வேறு இடத்தில் வைத்து, மொத்தம் நூறு பறவையில் எது எத்தனை என்று பிரித்து, விகிதத்தால் பெருக்குங்கள். ரெட்ஷாங்க்கும் உப்புக்கொத்தியும் கலந்து நிற்காமல் தனித்தனித் திட்டாக நிற்பதால் ஒரே இடத்தில் மாதிரி எடுத்தால் விகிதம் கெட்டுவிடும். கடைசியாக, அபூர்வமான ஒன்றிரண்டைத் தனியாகத் துழாவுங்கள், அவை விகிதத்துக்குள் வராது. ஆசிய டோவிச்சர் மாதிரியானவை நீண்ட அலகுள்ள மூக்கன்களின் நடுவில் தலையைச் செருகிக்கொண்டு நிற்கும். தூங்கும் பறவையின் அலகு தெரியாது, விழிக்கும்வரை நிற்கவேண்டியதுதான்.

நவம்பர் 4 · கிராஞ்சிக்காரர்

ஒரு திருத்தம். மூன்று இடம் போதாது, விளிம்பிலும் ஒன்று வையுங்கள். கொசு உள்ளான் போன்ற சின்னவை எப்போதும் விளிம்பில்தான் ஒட்டிக்கொண்டிருக்கும். எண்ணிக்கையோடு ஏற்றத்தின் உயரம், உச்ச நேரம், எண்ணிய நேரம், எந்தக் குளம், எண்ணியதா மதிப்பிட்டதா என்பதையும் எழுதுங்கள். இவை இல்லாமல் 400 ரெட்ஷாங்க் என்று மட்டும் எழுதினால் ஜனவரியில் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்போடு ஒப்பிட அது உதவாது. அந்த முதல் பதிவில் கேட்ட 'குறைந்துவிட்டனவா' என்ற கேள்விக்கும் ஒரே உயரத்து ஏற்றங்களை வருடாவருடம் ஒப்பிட்டால்தான் பதில் சொல்லமுடியும். குறைவதற்குக் காரணங்கள் உண்மையிலேயே இருக்கின்றன, மஞ்சள் கடலில் சேற்றுவெளிகளை நிரப்பியது முக்கியமானது. ஆனால் வற்றத்தில் பார்த்த காலிக் குளம் அதற்குச் சாட்சி ஆகாது.

நவம்பர் 5 · தெம்பனிஸ்வாசி

13ஆம் தேதி பிரதோஷம், புதன்கிழமை. மருத்துவ விடுப்பு எடுக்கும் அளவுக்கு இன்னும் முற்றவில்லை. சனிக்கிழமை 16ஆம் தேதி பௌர்ணமிக்கு மறுநாள், அட்டவணையில் உச்சத்தைப் பார்த்துவிட்டு அதற்கு இரண்டு மணி முன்பே பாலத்தில் இருப்பேன். குட்டை முக்காலி வாங்கியாகிவிட்டது. யாரிடமாவது உபரி ஈரமானி இருந்தால் கொண்டுவரவும், பத்து வெள்ளி தருகிறேன்.